மறு: போர்ட்: துறையா, வாயிலா, புழையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தரவுத்தள மென்பொருளின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். "தீயரணில் 5432 ஆம் போர்ட் அடைத்திருந்தால் கிளையன்டால் சேவையகத்தோடு இணைய முடியாது." போர்ட் என்பது கணினிக்குள் தரவு வந்துபோகும் எண்ணிட்ட வழி; தீயரண் (firewall) வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்; கிளையன்ட் சேவையகத்தை நாடும் பயனர் பக்க நிரல். இந்த ஒரு வரியிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். முதலில் 'துறை' என்று போட்டேன். "துறை மூடப்பட்டுள்ளது" என்பதைப் படித்த சரிபார்ப்பாளர், "எந்தத் துறை? ஊழியர்கள் என்ன ஆனார்கள்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். நல்ல சொல் தாருங்கள்.

———

துறை என்பது அடிப்படையிலேயே பிழை. கப்பல் துறைக்கு லத்தீனில் 'போர்ட்டுஸ்'. கணினிப் போர்ட்டோ கதவைக் குறிக்கும் 'போர்ட்டா'வின் வழி வந்தது. ஆகவே வாயில்தான். இல்வாய் முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று, இல்முன் முன்றில் ஆனதுபோல. கணினி இல் என்றால் போர்ட் அதன் வாய். இலக்கணப்போலியே நமக்குச் சொல்லைத் தந்துவிட்டது, பிறகென்ன விவாதம்?

———

ஐயா, வலையமைப்புகளை இணைக்கும் கேட்வேக்கு நுழைவாயில் என்று ஏற்கெனவே புழங்குகிறது. "நுழைவாயிலின் வாயிலை அடைத்தல்" என்று எழுதச் சொல்கிறீர்களா?

என் ஓட்டு 'புழை'க்கு. சிறு வாயில் என்பதே அதன் பொருள். ஒரே அசை மாதிரி நாவில் ஓடும். வழக்கொழிந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். புழக்கடை என்கிறோமே, அது புழைக்கடைதான். அந்தக் 'கடை'யும் வாயில்தான். கலிங்கத்துப்பரணியில் கடைதிறப்பு என்று ஒரு பகுதியே உண்டு, கதவடைத்த பெண்களைத் திறக்கச் சொல்லிப் பாடுவது. போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லி நிர்வாகிக்கு நாம் எழுதும் விண்ணப்பங்களுக்கு அதுவே முன்மாதிரி.

———

திட்டிவாசலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பெருங்கதவை அடைத்துவிட்டு, ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு அதிலேயே வைத்த சிறு கதவு. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, இணையதளங்களுக்கான 443ஆம் போர்ட்டை மட்டும் திறந்து வைப்பது வேறென்ன? வள்ளுவரும் 'சிறுகாப்பிற் பேரிடத்த தாகி' என்றுதானே அரணுக்கு இலக்கணம் சொல்கிறார்! காக்க வேண்டிய இடம் சிறிது, உள்ளே பரப்பு பெரிது.

———

> திட்டிவாசல்

0 முதல் 65535 வரை எண். எந்தக் கோட்டைக்கு ஐயா 65,536 திட்டிவாசல்?

———

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன், இலக்கணம் அவ்வளவு வராது. ஆனால் போர்ட்டுக்கு என்ன பெயர் வைத்தாலும் அந்த வரி தேறாது. சிக்கல் 'அடைத்தல்' என்ற சொல்லில் இருக்கிறது.

தீயரண் இரண்டு விதமாக அடைக்கும். ஒன்று, வந்த தரவுப் பொட்டலத்துக்கு (packet) 'முடியாது' என்று பதில் அனுப்பும். கிளையன்டில் பிழைச் செய்தி உடனே வந்துவிடும். இன்னொன்று, பொட்டலத்தை வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அப்போது கிளையன்ட் திரும்பத் திரும்பத் தட்டும். என் லினக்ஸ் கணினியில் முதல் தட்டுக்கு அப்புறம் ஆறு முறை. காத்திருப்பு 1, 2, 4, 8, 16, 32 நொடி என்று இரட்டித்து, கடைசியில் 64. ஆக 127 நொடி. அதுவரை திரையில் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். பயனர் மென்பொருள் தொங்கிவிட்டது என்றுதான் நினைப்பார். இரண்டுக்கும் 'தடுக்கப்பட்டது' என்று ஒரே சொல்லைப் போட்டால் அவர் எதைச் சரிபார்ப்பார்?

———

அருமை. இது நன்னூலின் எட்டு விடைகளில் அடங்குமா என்று பார்த்தேன். முதல் வகை மறைவிடை, 'முடியாது' என மறுப்பது. இரண்டாவதற்கு இடமே இல்லை. சுட்டு முதல் இனமொழி வரை எல்லாமே வாய் திறந்து சொல்வன, மௌனத்தை நன்னூலார் கணக்கில் எடுக்கவில்லை. எனவே முதலாவது மறைவிடை, இரண்டாவது வாளாவிடல்.

———

மறைவிடை என்றால் மறைவாகக் கொடுத்த விடை என்றுதான் என் மாணவர்கள் படிப்பார்கள், அம்மா. அதாவது நேர் எதிர்ப்பொருள். மறுத்தல், விழுங்கல் போதும். அஞ்சல்பெட்டி கடிதத்தை விழுங்கிவிட்டது என்றால் யாருக்கும் புரியும்.

———

விழுங்கல் சரி. ஆனால் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். படு விகுதியை இப்படிக் கண்ட இடத்தில் ஒட்டுவது ஆங்கில நோய். யார் மறுத்தது? எழுவாயைப் போடுங்கள்.

———

அதுதான் ஐயா தெரியாது! அந்த மறுப்பைத் தீயரணும் அனுப்பலாம். தீயரண் வழிவிட்டும், 5432இல் கேட்டுக்கொண்டிருக்க நிரல் எதுவும் ஓடாததால் சேவையகமே அனுப்பியிருக்கலாம். கிளையன்ட் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தெரியாத எழுவாயை எங்கிருந்து கொண்டுவருவது?

———

அப்படியானால் பெயர்ச்சொல்லாக்கி "இணைப்பு மறுப்பு" என்று விடுங்கள். படுவும் போயிற்று, எழுவாயும் வேண்டாம்.

———

எல்லோருக்கும் நன்றி. நாளை வெள்ளி. மறுப்பு, விழுங்கல் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு: வாயில் 4, புழை 3, திட்டிவாசல் 1, 'எதுவானாலும் சரி, முடித்துத் தொலையுங்கள்' 5. கடைசிக் கட்சியை வாயிலோடு சேர்த்துவிட்டேன். முதல் தடவை மட்டும் 'வாயில் (போர்ட்)' என்று வரும்.

———

அந்த ஐவரை என்னோடு சேர்த்திருந்தால் புழை வென்றிருக்கும் என்பதைப் பதிவு செய்கிறேன்.

———

திட்டிவாசலுக்கு இரண்டு ஓட்டு. நான் நேற்றிரவு போட்டது வந்து சேரவில்லையா? மறுப்பும் வரவில்லையே.