புளோரிடா: அபராத பாக்கி இருந்தால் ஓட்டு கிடையாதா?

கடலோரன்:
2018 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில், மாநில அரசியலமைப்புக்கான நான்காவது திருத்தம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 60 சதவீத ஓட்டு தேவை, 64-க்கு மேல் விழுந்தது. பெருங்குற்றத்துக்குத் தண்டனை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமை தானாகவே திரும்ப வேண்டும். கொலை, பாலியல் குற்றம் மட்டும் விலக்கு. அடுத்த வருடமே சட்டமன்றம் அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாம் கட்டிய பிறகுதான் என்று சட்டம் போட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் போல.

கணக்குப்பிள்ளை:
பூசாரியைக் குறை சொல்லாதீங்க சார். 'தண்டனையின் எல்லா நிபந்தனைகளும்' என்பது திருத்தத்தின் வாசகம். 2017-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில், அதைக் கொண்டுவந்தவர்களின் வக்கீலே பணமும் அதில் அடக்கம் என்றார். பறிகொடுத்தவருக்குச் சேர வேண்டிய இழப்பீடு பாக்கி நிற்கும்போது தண்டனை முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

கடலோரன்:
இழப்பீடு நியாயம், ஒத்துக்கொள்கிறேன். நீதிமன்றக் கட்டணம்? அது அரசு தன் செலவுக்கு வாங்குவது. சரி, கட்டலாம் என்று போனாலும் எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஆள் இல்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே கணக்கு கிடையாது. கவுண்டி (மாவட்டம்) கவுண்டியாக அலைந்து பழைய கோப்பைத் தேட வேண்டும். 2020 மே மாதம் மத்திய அரசு நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் இதைக் 'காசு கட்டினால் ஓட்டு' முறை என்று சொல்லித்தான் பெரும்பகுதியைத் தள்ளினார்.

கணக்குப்பிள்ளை:
செப்டம்பரிலேயே மேல்முறையீட்டில் நீதிபதிகள் 6-4 என்று பிரிந்து அது கவிழ்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெற்குத்தெரு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 2022 ஆகஸ்டில் சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக 20 பேரைக் கைது செய்தார்களே? அவர்களில் சிலருக்கு அரசு அலுவலகமே வாக்காளர் அட்டை அனுப்பியிருந்தது.

கணக்குப்பிள்ளை:
அவர்கள் கொலை, பாலியல் வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். திருத்தமே அவர்களைச் சேர்க்கவில்லை. பணப் பாக்கிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தெற்குத்தெரு:
இருக்கிறது அண்ணே. கொலை வழக்கையே கவனிக்காமல் அட்டை அனுப்புகிற அலுவலகம், இருபது வருடத்துக்கு முந்தைய கட்டண பாக்கியைச் சரியாகச் சொல்லுமா? தவறினால் விலங்கு இவன் கைக்குத்தான். பயந்துபோய் தகுதி உள்ளவனும் பதிவு செய்யாமல் இருந்துவிடுவான்.

கணக்குப்பிள்ளை:
பாக்கி எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது அரசின் கடமை, அதில் சண்டை இல்லை. கேட்டு இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஓட்டுப் போடட்டும். கடனையே தள்ளுபடி செய் என்றால்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடலோரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்புறம், ஜூரியில் உட்காருவது, தேர்தலில் நிற்பது எல்லாம் இன்னும் ஆளுநரின் கருணை வாரியத்திடம்தான் இருக்கிறது. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.