கார்துங் லாவில் கேட்ட 'லே'

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

ஓடியதில் மறக்க முடியாத மலை எது என்றால், எனக்கு லடாக்கின் கார்துங் லா கணவாய்தான். 72 கிலோமீட்டர் ஓட்டம். கார்துங் கிராமத்தில் விடியக்காலம் 3 மணிக்குக் கிளம்பி, 32 கிலோமீட்டர் ஏறிக் கணவாயைத் தொட்டு, அந்தப் பக்கம் 40 கிலோமீட்டர் இறங்கி லே நகரத்துக்கு வரவேண்டும். மொத்தம் 14 மணி நேரம் கொடுக்கிறார்கள். ஆறு வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது.

நம் அகத்தியர் மலை உச்சியே 1,868 மீட்டர்தான். இந்த ஓட்டம் தொடங்குகிற கிராமமே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரம். இதற்கு நான் தினமும் ஓடிப் பழகிய இடம் கன்னடியன் கால்வாய்க் கரை! மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. மாஞ்சோலை ரோட்டில் ஓடலாமே என்று கேட்பீர்கள். புலிகள் காப்பகம், நினைத்த நேரத்தில் ஓட விடமாட்டார்கள். அதுவும் சரிதான், யானை எதிரே வந்தால் நம் வேகமெல்லாம் எந்த மூலைக்கு?

அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் பண்பொழி திருமலைக்கோவில். அறுநூற்றுச் சொச்சம் படி. ஏறுவேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். அடிவாரத்தில் பூ விற்கிற ஆச்சி நாலாவது தடவை என்னை நிறுத்தி, "ஏலே, ஒரு தடவ கும்பிட்டா முருகனுக்குக் கேக்காதா?" என்றாள். அப்புறம் அவளே, "பைய ஏறுலே, மூச்சு வாங்குதுல்லா" என்றாள். அந்த 'பைய'தான் லடாக்கில் என்னைக் காப்பாற்றியது. கோச்சிங் ஆப் சொன்னது எதுவும் அங்கே செல்லுபடி ஆகவில்லை.

லேவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டேன். உடம்பு அந்த உயரத்துக்குப் பழகவேண்டும். முதல் நாள் தங்கும் விடுதியில் மாடி ஏறியதற்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓட்டத்துக்கு முந்தின நாள் எங்களைக் கார்துங் கிராமத்துக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு வீடாகத் தங்கவைத்தார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாவை எல்லோரும் 'அமா-லே' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் பெற்ற தாயை 'லே' போட்டுக் கூப்பிட்டால் என்ன நடக்கும்? விசாரித்தால், லடாக்கியில் 'லே' என்பது மரியாதைச் சொல்லாம். வணக்கம் சொல்வதே 'ஜூலே' என்றுதான்.

காலை 3 மணி. இருட்டுக்குள் நெற்றி விளக்குகள் வரிசையாகப் போகின்றன. முதல் ஒரு மணி நேரத்திலேயே தண்ணீர்ப் பையின் குழாய் உறைந்துவிட்டது. உறிஞ்சினால் ஒன்றும் வரவில்லை. பசிக்கு உடன்குடிக் கருப்பட்டி உடைத்துக் கொண்டுபோயிருந்தேன். குளிரில் கருங்கல்லாகிவிட்டது, பல் இறங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஒரு துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே ஏறினேன். அது கரைய அரைமணி நேரம் ஆகும். ஒரு துண்டு தீர்ந்தால் அடுத்தது. தூரத்தை அப்படித்தான் கணக்கு வைத்தேன்.

வழியில் வடக்குப் புல்லு என்கிற சோதனைச் சாவடி வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். அதற்கப்புறம் நடைதான். 5,000 மீட்டருக்கு மேல் இருபது எட்டு வைப்பது, நிற்பது, மறுபடி இருபது எட்டு. ஊரில் மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனில் பாதிதான் அங்கே. ஒரு திருப்பத்தில் தலை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில், "அச்சோ-லே!" என்று ஒரு குரல். காதில் 'லே' மட்டும்தான் விழுந்தது. கிறுகிறுப்பில், "யாருலே அது?" என்று நம் பாஷையிலேயே கேட்டுவிட்டேன்! தண்ணீர் கொடுக்க நின்ற பள்ளிக்கூடப் பையன். கன்னம் இரண்டும் சிவந்து வெடித்திருந்தது. அச்சோ என்றால் அண்ணனாம். நானும் தன்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்து ஒரே சிரிப்பு அவனுக்கு. சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தேன். முகர்ந்து பார்த்து ஜோப்பில் போட்டுக்கொண்டான்.

உச்சியில் 18,380 அடி என்று போட்ட பலகையின் படம் ரொம்பப் பிரசித்தம். பிற்பாடு அளந்து பார்த்ததில் 17,600 அடியை ஒட்டித்தான் வருகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த எழுநூற்றுச் சொச்சம் அடியும் நிஜமாக இருந்திருந்தால் நான் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 40 கிலோமீட்டர் தொடை எரிந்தது. லேயின் பச்சை மரங்கள் கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் வரவே வராது. 13 மணி 20 நிமிடத்தில் முடித்தேன்.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, நானும் அங்கே ஓடினேன், ஆனால் முடிக்கவில்லை. உச்சிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது தலைவலி மண்டையைப் பிளந்தது. ஜாக்கெட் ஜிப்பைப் போடத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்ததுமே மருத்துவக் குழுவில் இருந்த அக்கா என்னை வண்டியில் ஏற்றிவிட்டார். நான் சண்டை போட்டேன், அழுதேன். கீழே இறங்க இறங்கத் தலைவலி விட்டதும்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது. தலைவலியோடு தடுமாற்றமும் வந்தால் மேலே ஒரு எட்டுக்கூட வைக்கக்கூடாது, இறங்கிவிட வேண்டும். போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். நான் செய்த தப்பு, லேவுக்குப் போன முதல் நாளே சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறி ஓடியது. குற்றால சீசன் காற்றில் ஓடிப் பழகிய திமிர்!

ஆனாலும் வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்த அந்தப் பனிமலையை இன்னும் மறக்க முடியவில்லை. அடுத்த தடவை பதினைந்து நாள் முன்னாலேயே போகப்போகிறேன். அது கிடக்கட்டும், மிச்சக் கருப்பட்டியை என்ன செய்தீர்கள்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

நல்லவேளை இறங்கினீர்கள் தங்கச்சி. உடன்குடிக் கட்டியில் பாதியைக் கிளம்பும்போதே அமா-லேயிடம் கொடுத்துவிட்டேன். வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைகிற டீயில் ஒரு துண்டைப் போட்டுக் குடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே மிச்ச டீயை என் டம்ளரில் ஊற்றிவிட்டார்.