கோழி எருவில் உள்ள மருந்து கீரைக்குள் ஏறுமா?

கீரைப்பாத்தி:
நாமக்கல் பக்கம் அரை ஏக்கரில் சிறுகீரை, தண்டுக்கீரை போடுகிறேன். பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையில் ஒரு டிராக்டர் எரு வாங்கி அப்படியே கொட்டி உழுதுவிடுவதுதான் வழக்கம். போன வாரம் எரு ஏற்றப் போனபோது கோழிக்குக் குடிக்க வைக்கும் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்கள், கோழிக்குச் சளியாம். அதிலிருந்து மனசு கேட்கவில்லை. அந்த மருந்து எருவோடு வந்து வேர் வழியாகக் கீரைக்கு ஏறுமா? நன்றாக அலசினால் போய்விடுமா? என் பிள்ளைகளும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

வேர்முடிச்சு:
ஏறும் அண்ணா. கொடுக்கிற மருந்தில் கணிசமான பங்கு, சில மருந்தில் பாதிக்கு மேல்கூட, எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அதன்பிறகு மருந்துக்கு மருந்து வித்தியாசம். டெட்ராசைக்ளின் வகை களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சல்ஃபா வகை அவ்வளவாக ஒட்டாமல் மண்ணின் ஈரத்தில் கரைந்து கிடக்கும். செடி தண்ணீர் உறிஞ்சும்போது அதுவும் கூடவே ஏறி, தண்ணீர் இலை வழியாக ஆவியாகப் போனபின் மருந்து மட்டும் இலையில் தங்கிவிடும். அதனால் காய், விதையைவிட இலையிலும் வேரிலும்தான் பொதுவாக அதிகம் இருக்கும். உள்ளே போனதை அலசி எடுக்க முடியாது.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பன்றி எரு போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 2005-ல் மக்காச்சோளம், வெங்காயத்தாள், முட்டைக்கோஸ் மூன்றிலும் டெட்ராசைக்ளின் வகையான குளோர்டெட்ராசைக்ளின் இருந்தது, ஆனால் டைலோசின் என்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக் ஏறவில்லை, அதன் மூலக்கூறு ரொம்பப் பெரிது. 2007-ல் லெட்யூஸ் கீரை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு மூன்றிலும் சல்ஃபா மருந்து ஒன்று ஏறியிருந்தது. ஆனாலும் மண்ணில் போட்டதில் செடிக்குப் போனது 0.1 சதவீதத்துக்கும் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேட்டுக்காடு:
அளவு குறைவுதான், ஒரு கட்டுக் கீரை தின்று யாருக்கும் எதுவும் ஆகிவிடாது, பயப்படாதீர்கள். எனக்குக் கவலை வேறு. பச்சை எருவில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் சேர்ந்தே வரும், 25 நாளில் அறுக்கிற கீரையில் அது மண்ணோடு இலையில் ஒட்டிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிடும். கொலிஸ்டின் என்று கடைசிக் கட்டத்தில் நோயாளிக்குக் கொடுக்கிற மருந்து, அதைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை போட்டதே இந்தப் பயத்தில்தான். நான் பச்சை எருவைத் தென்னைக்கு மட்டும்தான் வைக்கிறேன். கீரைக்கு மக்கியது மட்டும்.

கீரைப்பாத்தி:
மக்க வைத்தால் மருந்தும் போய்விடுமா?

வேர்முடிச்சு:
எல்லாம் போகாது. வான்கோழி எருவைக் குவித்து மக்க வைத்துப் பார்த்ததில் சுமார் 35 நாளில் குளோர்டெட்ராசைக்ளின் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது, டைலோசின் பாதிக்கு மேல் குறைந்தது, சல்ஃபா மருந்து அசையவே இல்லை. அதனால் பண்ணையில் எந்த மருந்து கொடுத்தார்கள் என்று பெயரைக் கேளுங்கள். சல்ஃபா என்றால் அந்த லோடு கீரைப்பாத்திக்கு வேண்டாம். மற்றபடி குவியல் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேற வேண்டும், ஈரம் காயாமல் பார்த்து வாரம் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். சூடேறினால்தான் கிருமியும் சாகும்.

கீரைப்பாத்தி:
சரி தம்பி, நாளைக்கே போய் மருந்து டப்பாவைப் போட்டோ எடுத்து வந்து இங்கே போடுகிறேன். கொட்டி வைத்திருக்கிற லோடை அதுவரைக்கும் தொடவில்லை.