கரண்ட் போய் வந்தால் தண்ணீர் மோட்டார் தானாக ஓடுகிறது: டாஸ்மோட்டா, ஹோம் அசிஸ்டென்ட் உதவி தேவை

தஞ்சைப்பெண்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள், நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்.பி. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் அம்மா படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. முட்டி வலியோடு கஷ்டப்படுகிறாரே என்று ஒருவரை வைத்து இதைத் தானியங்கி ஆக்கினோம்.

மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் ஒரு பெட்டி, அதற்குள் டாஸ்மோட்டா என்ற நிரல் ஏற்றிய வைஃபை ரிலே (வைஃபையில் கட்டளை கேட்டு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). பெட்டியின் முகப்பில் கையால் அழுத்த ஒரு பட்டன். ஹாலில் ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, அதில் வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட்டும், அதற்கும் ரிலேக்கும் நடுவே செய்தி கடத்தும் மாஸ்கிட்டோவும் ஓடுகின்றன. தொட்டி மூடியில் ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி என்ற அல்ட்ராசோனிக் சென்சார். காலை 6 மணிக்குத் தொட்டி பாதிக்குக் கீழே இருந்தால் மோட்டார் ஓட வேண்டும், சென்சாருக்கும் தண்ணீருக்கும் நடுவே 15 செ.மீ.க்குக் கீழே வந்தால் நிற்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

பிரச்சினை இது: ராத்திரி கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. தொட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கும். யாராவது விழித்துப் பார்க்கும் வரை தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாம் ஈரம். எல்லா நாளும் இப்படி இல்லை, சில நாள் கரண்ட் வந்தும் சும்மா இருக்கிறது. கரண்ட் வந்ததும் ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் பவர்ஆன்ஸ்டேட் 0 (அணைந்தே இருக்க) என்றுதான் இருக்கிறது, நானே பார்த்தேன். அமைத்துக் கொடுத்தவர் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றினால் சரியாகுமா? அம்மா இப்போதெல்லாம் கரண்ட் போனாலே தூங்குவதில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுவிட்ச்போர்டு

தங்கச்சி, ரிலே நேரடியாக மோட்டாரை ஓட்டுகிறதா, நடுவில் கான்டாக்டர் (மோட்டார் போன்ற கனமான சுமைக்கான பெரிய ரிலே) இருக்கிறதா? 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சின்ன ரிலே அதைத் தாங்கித் தாங்கி, ஒருநாள் உள்ளே இருக்கும் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் நிரல் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. கரண்ட் வந்ததும் ஓடத்தான் செய்யும்.

நிரல்நேசன்

அண்ணன் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒட்டிக்கொண்ட ரிலே சில நாள் ஓடி சில நாள் சும்மா இருக்காது. போர்டை மாற்றும் முன் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். கரண்ட் வந்த அந்த நொடியே மோட்டார் ஓடுகிறதா, கொஞ்ச நேரம் கழித்தா? ரவுட்டரும் பையும் இன்வெர்ட்டரில் இருக்கின்றனவா? அப்புறம், தானாக ஓடிய ராத்திரிகளுக்கு முன்னால் மோட்டாரைக் கடைசியாக நிறுத்தியது யார், ஆட்டோமேஷனா அம்மாவா? ஹோம் அசிஸ்டென்ட் லாக்புக்கில் மோட்டாரைத் தட்டினால் ஒவ்வொரு முறையும் எதனால் அணைந்தது என்று காட்டும்.

தஞ்சைப்பெண்

கான்டாக்டர் இல்லை அண்ணா, நேரடி ரிலேதான்.

அப்பாவிடம் கேட்டேன். கரண்ட் வந்து, மின்விசிறி வேகம் பிடித்து, அதற்கப்புறம்தான் பெட்டியில் 'டக்' என்று சத்தம் கேட்டு மோட்டார் ஓடுகிறதாம். பத்துப் பதினைந்து நொடி இருக்கும் என்கிறார். ரவுட்டர், பை இரண்டும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன, கரண்ட் போனாலும் அணைவதில்லை. ரிலே பெட்டி மட்டும் மோட்டார் லைனில்.

லாக்புக்கைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம். ஆட்டோமேஷன் நிறுத்திய நாட்களில் ராத்திரி கரண்ட் போய் வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பட்டனை அழுத்தி நிறுத்திய நாட்களில் மட்டும் ஓடியிருக்கிறது. ஒரு நாள்கூட மாறவில்லை. பட்டனில் கோளாறா?

நிரல்நேசன்

பட்டனில் கோளாறு இல்லை, போர்டிலும் இல்லை. பணத்தைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் லாக்புக்கைப் பார்த்துச் சொன்னதிலேயே விடை வந்துவிட்டது.

'டக்' சத்தம் கேட்டதால் ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை, யாரோ அதற்குக் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். பவர்ஆன்ஸ்டேட்தான் காரணம் என்றால் கரண்ட் வந்த கையோடு ஓடியிருக்கும். பத்து நொடி கழித்து ஓடுகிறது என்றால், ரிலே கண் விழித்து, வைஃபையில் சேர்ந்து, மாஸ்கிட்டோவோடு பேசிய பிறகுதான் அந்தக் கட்டளை வந்திருக்கிறது.

ரிலேயும் ஹோம் அசிஸ்டென்ட்டும் பேசிக்கொள்ளும் முறையான எம்.கியூ.டி.டி.யில் ஒரு செய்தியை ரீட்டெய்ன் என்ற குறியோடு அனுப்பினால், புரோக்கர் (உங்கள் வீட்டில் மாஸ்கிட்டோ) அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். கதவில் ஒட்டிவைத்த சீட்டு போல, அந்த டாபிக்குக்கு (செய்தி போகும் தலைப்பு) புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதலில் அதை வாசித்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் காலை 6 மணிக்கு ஹோம் அசிஸ்டென்ட் 'ஆன்' என்று ரீட்டெய்னோடு அனுப்புகிறது. ஆட்டோமேஷன் நிறுத்தினால் அதே டாபிக்கில் 'ஆஃப்' போகும், பழைய சீட்டுக்குப் பதில் புதிய சீட்டு. அம்மா பட்டனை அழுத்தினால் ரிலே அணைகிறது, தன் நிலையை வேறொரு டாபிக்கில் சொல்கிறது. கட்டளை டாபிக்கில் 'ஆன்' அப்படியே கிடக்கிறது. ராத்திரி ரிலே திரும்ப வந்து சேர்ந்ததும் புரோக்கர் அதைக் கையில் கொடுத்துவிடுகிறது. பை இன்வெர்ட்டரில் உயிரோடு இருப்பதால் பத்தே நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். மோட்டார் நின்றிருக்கும்போது, ஹோம் அசிஸ்டென்ட் அமைப்புகளில் எம்.கியூ.டி.டி. பக்கத்துக்குப் போய், ஒரு டாபிக்கைக் கவனிக்கும் கட்டத்தில் மோட்டாரின் கட்டளை டாபிக்கைக் கொடுங்கள். அது 'சிஎம்என்டி' என்று தொடங்கி 'பவர்' என்று முடியும். யாரும் எதையும் அழுத்தாதபோதே ஒரு செய்தி உடனே வந்து விழுந்து, அதன் ஓரத்தில் 'ரீட்டெய்ன்: ட்ரூ' என்று இருந்தால் அதுதான் ஆள்.

நீக்குவதும் அதே பக்கத்தில்தான். அதே டாபிக்கைக் கொடுத்து, செய்திப் பெட்டியைக் காலியாக விட்டு, ரீட்டெய்னை இயக்கி அனுப்புங்கள். காலிச் செய்தி போனால் புரோக்கர் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும்.

வீட்டுத்தந்தி

இவ்வளவு எதற்கு? ரிலே ஆஃப்லைனிலிருந்து ஆன்லைன் வந்தால் உடனே அணைக்கச் சொல்லி ஓர் ஆட்டோமேஷன் எழுதினால் போதுமே. என் வீட்டில் அப்படித்தான்.

நிரல்நேசன்

அப்படிச் செய்தால் கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு நொடி ஓடி நிற்கும். சுவிட்ச்போர்டு அண்ணன் சொன்ன ஐந்தாறு மடங்கு ஆம்பியர் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன ரிலேக்குள் பாயும். அதோடு, பை அன்றைக்கு முடங்கிக் கிடந்தால் அணைக்க ஆளே இல்லை. தவறான கட்டளையை விட்டுவைத்துவிட்டு அதைத் துரத்திப் பிடிக்க இன்னொரு கட்டளை எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

தஞ்சைப்பெண்

நீங்கள் சொன்னபடியே 'ரீட்டெய்ன்: ட்ரூ' என்று வந்தது! காலிச் செய்தி அனுப்பி நீக்கினேன். அப்பாவை மோட்டார் மெயினை அணைத்துப் போடச் சொன்னேன், மோட்டார் ஓடவில்லை. ஆனால் மறுநாள் காலை மோட்டார் ஓடி முடிந்த பிறகு பார்த்தால் அதே டாபிக்கில் மறுபடியும் ரீட்டெய்ன் செய்தி இருக்கிறது. என்ன செய்வது?

நிரல்நேசன்

அப்படியென்றால் அனுப்புகிறவரே குறி போட்டு அனுப்புகிறார். ஹோம் அசிஸ்டென்ட்டின் கான்ஃபிகரேஷன் யாமல் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, எம்.கியூ.டி.டி. பகுதியில் மோட்டார் சுவிட்சுக்குக் கீழே 'ரீட்டெய்ன்: ட்ரூ' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அந்த வரியை எடுத்துவிட்டாலே போதும், எழுதாவிட்டால் 'ஃபால்ஸ்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். சேமித்து ஹோம் அசிஸ்டென்ட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்கப்புறம் கிடக்கிற செய்தியை இன்னொரு தடவை நீக்குங்கள். வரிசை முக்கியம்.

டாஸ்மோட்டா கன்சோலில் (ரிலேக்குக் கட்டளை தட்டும் இடம்) பட்டன்ரீட்டெய்ன் 0, சுவிட்ச்ரீட்டெய்ன் 0 என்ற இரண்டையும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் கட்டளை தேங்காது.

கோவை_மோட்டார்

ரீட்டெய்ன் விஷயம் தீர்ந்தது, ரொம்ப சரி. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்குதுங்க. தானாக நிற்க வேண்டிய மோட்டாரை அம்மா எதற்காகப் போய் நிறுத்த வேண்டி வந்தது? தொட்டி நிறையும் நேரத்தில் சென்சார் என்ன காட்டுகிறது என்று வரலாற்றில் பார்த்துச் சொல்லுங்கள்.

தஞ்சைப்பெண்

வழிகிற சத்தம் கேட்டுத்தான் போய் நிறுத்துவாராம். வரைபடம் 90 செ.மீ.யிலிருந்து ஒழுங்காக இறங்கி 23, 22, 21 வரை வருகிறது. அப்புறம் அங்கேயே நிற்கிறது, சில நாள் நடுவில் 40 என்று தாவுகிறது. எப்போதாவதுதான் 15க்குக் கீழே போய் மோட்டார் நிற்கிறது.

கோவை_மோட்டார்

அதேதான். ஜே.எஸ்.என். சென்சாருக்கு முகத்துக்கு நேரே சுமார் 20 செ.மீ. குருட்டுப் பகுதி. ஒலியை அனுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும் ஒரே வட்டுதான். அனுப்பிய அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி திரும்பிவிட்டால் அதற்குக் காது கேட்காது. உங்கள் எல்லை 15 செ.மீ., அதாவது குருட்டுப் பகுதிக்குள்ளேயே. எப்போதாவது நிற்பது வெறும் அதிர்ஷ்டம்ங்க. மூடியின் அடியில் வேர்த்து நீர்த்துளி ஒட்டினாலும் இது தடுமாறும்.

எல்லையை 28 என்று மாற்றினால் இன்றைக்கே ஓரளவு சரியாகும், தொட்டி கொஞ்சம் குறைவாக நிறையும். ஆனால் இந்தச் சென்சாரை எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்துகிற பொறுப்பை அதனிடம் கொடுக்காதீர்கள். வைஃபை, பை, புரோக்கர், ஆட்டோமேஷன், இத்தனை பேரும் விழித்திருந்தால்தான் மோட்டார் நிற்கும் என்றால் வயதானவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது. நிறுத்துகிற வேலை மோட்டார் பக்கத்திலேயே முடிய வேண்டும்.

முதலில் காசில்லாத வேலை. டாஸ்மோட்டா கன்சோலில் பல்ஸ்டைம் என்ற கட்டளை இருக்கிறது. 111க்கு மேல் கொடுக்கும் எண்ணிலிருந்து 100ஐக் கழித்தால் வருவது நொடிக் கணக்கு. காலித் தொட்டி 20 நிமிடத்தில் நிறையும் என்றால் 25 நிமிடம் வையுங்கள்: 1500 நொடி, அதோடு 100, ஆக பல்ஸ்டைம் 1600. இந்தக் கணக்கு ரிலேக்குள்ளேயே ஓடும். வைஃபை செத்தாலும் 25 நிமிடத்தில் மோட்டார் நிற்கும். ஹோம் அசிஸ்டென்ட்டில் 'இத்தனை நிமிடம் ஓடினால் நிறுத்து' என்று எழுதி நம்பாதீர்கள், அது மறுதொடக்கம் ஆனால் அந்தக் கணக்கு அழிந்துவிடும்.

அடுத்தது எலக்ட்ரீஷியன் வேலை. ஒரு கான்டாக்டர் போட்டு மோட்டாரை அதன் வழியாக ஓட்டுங்கள், வைஃபை ரிலே கான்டாக்டர் காயிலை (அதை இழுத்து இணைக்கும் மின்காந்தச் சுருள்) மட்டும் இயக்கட்டும். ஏ.சி.-3 மதிப்பைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், அதுதான் மோட்டாருக்கான கணக்கு. தொட்டியில் ஒரு கேபிள் ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீரில் மிதந்து, மட்டத்துக்கேற்ப இணைத்துத் துண்டிப்பது). அதற்கு 230 வோல்ட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம், 12 வோல்ட் அடாப்டரும் ஒரு 12 வோல்ட் ரிலேயும் போதும். அந்த ரிலேயின் முனையைக் கான்டாக்டர் காயிலோடு தொடராகக் கோர்க்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஃப்ளோட் இணைந்திருக்க வேண்டும், நிறைந்தால் துண்டிக்க வேண்டும். இப்படிச் செய்தால் மாடியில் ஒயர் அறுந்தாலும் மோட்டார் ஓடாது. திருப்பிக் கோர்த்தால் அறுந்த அன்றைக்கு வெள்ளம்தான். எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று இதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுவிட்ச்போர்டு

கோவைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த 12 வோல்ட் அடாப்டரை மோட்டார் லைனிலிருந்தே எடுக்க வேண்டும். 'எப்போதும் உயிரோடு இருக்கட்டும்' என்று சிலர் இன்வெர்ட்டர் லைனை அந்தப் பெட்டிக்குள் இழுப்பார்கள். மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு நம்பிக் கை வைக்கிறவருக்கு உள்ளே இன்னொரு லைன் உயிரோடு இருப்பது தெரியாது. ஒரு பெட்டிக்கு ஒரே லைன்தான். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள் தங்கச்சி, அம்மா ஈரக் கையோடு பட்டனை அழுத்துகிற இடம்.

தஞ்சைப்பெண்

எல்லோருக்கும் நன்றி. யாமல் கோப்பில் அந்த வரி இருந்தது, எடுத்துவிட்டேன். கட்டளை டாபிக் இப்போது காலியாகவே இருக்கிறது. அம்மாவைப் பட்டனால் நிறுத்தச் சொல்லி, அப்பா மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். மோட்டார் அசையவில்லை. பல்ஸ்டைம் 1600 கொடுத்தாயிற்று, சென்சார் எல்லையை 28 ஆக்கினேன். கான்டாக்டரும் ஃப்ளோட்டும் போட எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், நானும் ஊருக்குப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். தொட்டி நிறைந்து ஃப்ளோட் துண்டித்தாலும் டாஸ்மோட்டாவில் 'ஆன்' என்றுதானே இருக்கும்? கொஞ்சம் தண்ணீர் செலவானால் மறுபடியும் ஓடுமா? சம்ப் காலியானால் மோட்டாருக்கு என்ன ஆகும்?

கோவை_மோட்டார்

நல்ல கேள்விங்க. பல்ஸ்டைம் முடியும் வரை அப்படி ஓட வாய்ப்பு உண்டு, 25 நிமிடத்துக்கு மேல் போகாது. கேபிள் ஃப்ளோட் நன்றாகத் தொங்கி இறங்கினால்தான் மறுபடி இணையும், கயிற்று நீளத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் குழாயைத் திறந்த உடனே ஓடாது. நுனியில் மிதக்கும் சின்னக் காந்த ஃப்ளோட் வாங்காதீர்கள். தண்ணீர் விழும் அலைக்கே அது போட்டுப் போட்டு அணைக்கும், கான்டாக்டர் படபடக்கும்.

சம்ப் வறண்டு மோட்டார் ஓடினால் மெக்கானிக்கல் சீல் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் அடைப்பு) சூடேறிக் கெட்டுவிடும். அதற்கும் இன்னொரு ஃப்ளோட், அதே 12 வோல்ட் லைனில் தொடராக. இது எதிர்ப்பக்கம் வேலை செய்ய வேண்டும்: தண்ணீர் இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் துண்டிப்பு. ஃபுட் வால்வுக்கு (உறிஞ்சு குழாயின் அடி வால்வு) ஒரு சாண் மேலே வரும்படி கட்டச் சொல்லுங்கள். கேபிள் ஃப்ளோட் பலவற்றில் மூன்று ஒயர் வரும், எந்த இரண்டை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு வேலைக்கும் ஒரே ரகம் போதும். ஞாயிற்றுக்கிழமை கோர்த்த பிறகு, கையால் ஒவ்வொரு ஃப்ளோட்டாகத் தூக்கியும் இறக்கியும் மோட்டார் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.