சிவன்மலை கல்லு: ரெண்டு மிஷின் ரெண்டு ரிசல்ட்டு சொல்லுது, தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கமுங்க. ஊரு காங்கயம் பக்கம், எம்எஸ்சி ஜியாலஜி கடைசி வருசம், ப்ராஜெக்டுக்கு நம்ம சிவன்மலை நெஃபலின் சயனைட்டத்தான் (மாக்மா ஆறி உண்டான ஒரு வகைக் கல்லு) எடுத்திருக்கேன். 1901லயே ஹாலண்ட்ங்கற ஜியாலஜிஸ்ட் எழுதுன கல்லுங்க, சின்னதுல இருந்து படியேறுன மலை, அது எந்த மாக்மாவுல இருந்து எப்படி வந்துச்சுன்னு நானே பாத்து எழுதோணும்னு அவ்ளோ ஆசை.

பிரச்சனை என்னன்னா அதே பொடியில எக்ஸ்ஆர்எஃப்ல (கரைக்காம எக்ஸ்-ரேயில அளக்கற மிஷின்) வந்த சிர்கோனியத்துல பாதிகூட ஐசிபி-எம்எஸ்ல (பொடிய ஆசிட்ல கரைச்சு அளக்கற மிஷின்) வரலீங்க. ஆசிட்ல கரைச்ச டெஃப்லான் குடுவைய வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன், அடியில மணலாட்டம் கரையாத துகள் நிக்குது. கல்ல மெலிசா அறுத்துச் செஞ்ச தின் செக்‌ஷன்ல சிர்கான் (சிர்கோனியம் இருக்கற கனிமம்) தெரியுது, அதனால அதுதான் கரையாம நின்னிருக்கும்னு நினைக்கிறேன். சிர்கோனியம் மட்டும் போனா பரவால்லீங்க, சிர்கானுக்குள்ள இருக்கற ஹாஃப்னியமும் இட்டர்பியம் மாதிரி கன அருமண் தனிமங்களும் கூடவே கொறஞ்சுருமே, அப்பறம் லாந்தனம்-இட்டர்பியம் விகிதம் பொய்யா ஏறி, மாக்மா உருகுன எடத்துல கன அருமண்ணப் புடிச்சு வெக்கற கார்னெட் கனிமம் இருந்துச்சுன்னு நான் தப்பா எழுதிருவேன், அதான் பயம்.

திரும்பப் பண்றதுன்னா லித்தியம் போரேட் போட்டு உருக்கறதா, இல்ல மூடுன பாம்ப்ல (அழுத்தம் தாங்கற குடுவை) ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் ஊத்தி நாள்கணக்கா சூடு பண்றதா, எதுங்க நல்லது? செலவும் பாக்கோணும். ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ரூபிடியம் எல்லாம் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார்லதானே இருக்குது, அந்தப் பழைய ஐசிபி-எம்எஸ் நம்பர மட்டும் வச்சுக்கலாமுங்களா? சேலம், கோயமுத்தூர் பக்கம் இந்த வேலை செஞ்ச அண்ணா, அக்கா யாராச்சும் இருந்தா சொல்லுங்க, சாம்பிளத் தூக்கிட்டு நானே நேர்ல வந்தர்றேன். அடுத்த மாசம் வைவாங்க.