ஃபிரைபெர்க் மார்மன் கோவில் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையின் கோவில்கள் அந்நாட்டைத் தாண்டிப் பரவிய கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பாவில் முதல் கோவில் 1955இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகே, சோலிகோஃபனில் எழுந்தது. போன மாதம் போயிருந்தேன். ஒல்லியான ஒற்றைக் கோபுரம், உச்சியில் எக்காளம் ஊதும் பொன்னிறத் தூதன். சபையைச் சேராதவர்களை உள்ளே விடமாட்டார்கள். சரி என்று வெளியிலேயே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது ஃபிரைபெர்க்தான். கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோதே, 1985இல், அங்கே கோவில் திறந்தார்கள்! அர்ப்பணிப்புக்கு முன் பொதுமக்களை அனுமதித்த நாட்களில் ஏறத்தாழ 90,000 பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். அப்படிப் போய்வந்த யாரையாவது தெரியுமா? ஜெர்மனியில் இருக்கும் நண்பர்களே, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். அப்புறம், அந்த நாளின் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தாலும் போதும்.