ஸ்கூல் நர்ஸ் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கலாமா? (பெங்களூரு)

அல்சூர் சிஸ்டர்:

வணக்கம். அல்சூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங், சில வருஷம் ஆஸ்பத்திரி வார்டு, அப்புறம் இங்கே. சிக் ரூம் ரெஜிஸ்டர் என் கையில்தான். தேதி, நேரம், வகுப்பு, என்ன சொல்லிக்கொண்டு வந்தார்கள், என்ன கொடுத்தேன், வகுப்புக்குத் திரும்பினார்களா, வீட்டுக்கு அனுப்பினோமா எல்லாம் வரி தவறாமல் இருக்கிறது. கூடவே ஒரு பத்தி நானே கோடு போட்டுச் சேர்த்தேன்: காலையில் என்ன சாப்பிட்டாய்?

இரண்டாவது பீரியடு முடியும்போதுதான் கூட்டம். தலைசுற்றல், வயிற்றுவலி, "கண்ணு இருட்டுது சிஸ்டர்." பெரும்பாலும் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்கள். கே.ஆர்.புரம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏழு மணிக்கு முன்பே வேன் ஏறிவிடுகிறார்கள். டின் ஃபாக்டரி நெரிசலில் வேன் நின்றால் நின்றதுதான். சாப்பாட்டுப் பத்தியைப் புரட்டினால் "பூஸ்ட்", "ஒண்ணுமில்ல", "ரஸ்க்", மறுபடி "ஒண்ணுமில்ல". கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. கொஞ்ச நேரம் படுக்க வைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து அனுப்புகிறேன். அடுத்த வாரம் அதே பிள்ளை.

காலைச் சாப்பாட்டை விடுவதற்கும் ரத்தசோகைக்கும் இங்கே எவ்வளவு தொடர்பு என்று முறையாக ஆய்வு செய்ய ஆசை. ஹீமோகுளோபின் மீட்டர், அதற்கான ஸ்ட்ரிப், புள்ளியியல் பார்த்துத் தருபவருக்கு ஒரு தொகை, செலவு இவ்வளவுதான். ஐ.சி.எம்.ஆருக்கு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நானே விண்ணப்பிக்கலாமா? அமெரிக்காவின் ஸ்கூல் நர்ஸ் சங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறதாமே, அது நமக்குக் கிடைக்குமா? "பணம் வந்தால் பார்க்கலாம்" என்கிறார் பிரின்சிபால்.

கம்யூனிட்டி டீச்சர்:

நர்சிங் கல்லூரியில் கம்யூனிட்டி ஹெல்த் எடுக்கிறேன். பிரின்சிபால் தலைகீழாகச் சொல்கிறார். பள்ளியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. அதை முதலில் வாங்குங்கள் சிஸ்டர்.

ஐ.சி.எம்.ஆருக்குத் தனி ஆளாகப் போட முடியாது, நிறுவனம் வழியாகத்தான். அரசு சாராத நிறுவனம் என்றால் டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் கேட்பார்கள், பள்ளிக்கு அது எங்கே இருக்கப் போகிறது? மேலும் அவர்களுடைய "சின்ன" கிராண்டே இரண்டு கோடி ரூபாய் வரை போகும். உங்கள் ஸ்ட்ரிப் செலவுக்கு அந்த வாசலில் போய் நிற்கவே வேண்டாம்.

உங்களுக்குத் தேவை ஒரு நர்சிங் கல்லூரி. ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகம் தன் கீழுள்ள கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி தருகிறது. கல்லூரி ஆசிரியர் முதன்மை ஆய்வாளர், நீங்கள் இணை ஆய்வாளர். ஸ்கூல் ஹெல்த் போஸ்டிங்குக்கு (பள்ளியில் நேரடிப் பயிற்சிக்கு) எங்கள் மாணவிகளை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று நாங்கள் வருஷா வருஷம் அலைகிறோம். நீங்கள் பேச வேண்டியது அங்கிருந்துதான்: பள்ளி என்னிடம் இருக்கிறது, ரெஜிஸ்டர் இருக்கிறது, வாருங்கள்.

அந்த ரெஜிஸ்டரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1902இல் நியூயார்க்கில் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளில் ஒரு மாதச் சோதனையாகப் போட்டார்கள். சொறி, கண்நோய், பேன் என்று பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்த காலம். அந்தச் செப்டம்பரில் அப்படி அனுப்பப்பட்டவர்கள் 10,567. அடுத்த செப்டம்பரில் 1,101. மேலும் நர்ஸ்களை நியமிக்க நகராட்சி பணம் ஒதுக்கியது அந்தச் சோதனையின் பலனைப் பார்த்துத்தான்.

இனி எண்ணிக்கை, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது. எல்லாரும் 4pq/d² போடுவார்கள் (p நோய் உள்ளவர்கள் சதவீதம், q மீதி, d ஏற்கக்கூடிய பிழை). தேசியக் குடும்ப நல சர்வேயில் (என்.எஃப்.எச்.எஸ்.-5) 15–19 வயதுப் பெண்களில் ரத்தசோகை 59.1 சதவீதம். 59 என்று வைத்து, பிழை 5 என்றால் 387 பேர் வேண்டும். தேசிய ஊட்டச்சத்து சர்வே (சி.என்.என்.எஸ்., 2016–18) 10–19 வயதுப் பெண்களுக்குச் சொல்வதோ சுமார் 40 சதவீதம், அதை வைத்தால் 384. ஆளெண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ரிவ்யூ செய்பவர் வேறு இடத்தில் பிடிப்பார்: முதல் சர்வே விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம், இரண்டாவது ஊசி போட்டுச் சிரையிலிருந்து எடுத்தது. வயதும் வேறு. விரல் ரத்தம்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஏன் என்று இரண்டு வரி எழுதாமல் அனுப்பாதீர்கள். இதையெல்லாம் பார்க்காமல் பழைய தீசிஸிலிருந்து எண்ணை அப்படியே தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

டிரஸ்ட் கணக்கர்:

வெளிநாட்டுப் பணம் பற்றி மட்டும் சொல்கிறேன். பள்ளியை நடத்தும் டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த யோசனையை மூட்டை கட்டி வைத்துவிடலாம். பதிவு இருந்தாலும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும்; 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. ஆக, கல்லூரி வாங்கிப் பள்ளிக்குத் தருகிற வழியும் அடைபட்டது.

சி.எஸ்.ஆர். பணம் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குவது) கேட்கலாம், ஆனால் கம்பெனிக்காரர்களிடம் "ஆய்வு" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும். "பள்ளி மாணவிகளுக்கு ரத்தசோகைப் பரிசோதனை முகாம்" என்றால் காது கொடுப்பார்கள். அந்தப் பணத்தை வாங்க சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்த டிரஸ்ட் வேண்டும். மீட்டர் அப்படி வந்துவிட்டால் கிராண்டில் கேட்க வேண்டியது குறையும். ஆனால் அது முகாம்தான், ஆய்வு ஆகிவிடாது. அந்த ரத்தக் கணக்கை ஆய்வில் சேர்க்க வேண்டுமானால் எத்திக்ஸ் கமிட்டியின் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

அல்சூர் சிஸ்டர்:

ரொம்ப நன்றி மேடம், நன்றி சார். வெளிநாட்டு ஆசையை விட்டுவிட்டேன். ஒரே பயம்: ரெஜிஸ்டரை வாங்கிக்கொண்டு கடைசியில் என் பெயரையே விட்டுவிட்டால்? இன்னொன்று, பிள்ளைகள் நான் சொன்னால் கேட்பார்கள், பெற்றோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அனுமதி வாங்குவது சுலபம்தானே?

கம்யூனிட்டி டீச்சர்:

பெயர் விஷயத்தில் வெட்கப்படாமல் பேசுங்கள். விண்ணப்பத்திலேயே இணை ஆய்வாளர் என்று உங்கள் பெயர் ஏறட்டும்; கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்று ஒரு மெயிலாவது போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கல்லூரி என்றால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். ரெஜிஸ்டரைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம். பெயர்களை நீக்கிய நகல் போதும், அதையும் கமிட்டி அனுமதிக்குப் பிறகு.

இரண்டாவதில்தான் சிக்கல். நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்பதையே எத்திக்ஸ் கமிட்டி குறையாகப் பார்க்கும். நாளைக்கு வயிறு வலித்தால் உங்களிடம்தானே வர வேண்டும்? அந்தப் பிள்ளை "மாட்டேன்" என்று சொல்லுமா? அதனால் சம்மதப் படிவத்தைக் கொண்டு போகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும், கல்லூரி மாணவிகள் செய்யலாம். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள்படி பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. 12 வயதிலிருந்து பிள்ளையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். படிவம் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் நான்கிலும் இருக்கட்டும், உங்கள் பள்ளிக்கு நான்குமே தேவைப்படும்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே வந்த பிள்ளையை என்ன செய்வீர்கள்? அது கடுமையான ரத்தசோகை. எந்த ஆஸ்பத்திரி, யார் அழைத்துப் போவார்கள், வீட்டுக்கு யார் சொல்வார்கள் என்று எழுதிக் கொடுங்கள். வகுப்புக்கு முன்னால் எண்ணைப் படிக்கக் கூடாது என்பதையும் சேருங்கள்.

விரல் குத்துவதற்கு அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ரெஜிஸ்டரை மட்டும் தனி ஆய்வாகப் போடுங்கள். அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளுக்குக் கமிட்டி விரைவுப் பரிசீலனை தர வாய்ப்புண்டு, பணமும் தேவையில்லை. பள்ளிக் கடிதம் கிடைத்ததும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ரத்தப் பரிசோதனையை ஜூலை, ஆகஸ்டில் வைத்துக்கொள்ளலாம். பரீட்சை நெருங்கினால் எந்த பிரின்சிபாலும் வகுப்பிலிருந்து பிள்ளையை விடமாட்டார்.